கொசுறு போடாத அம்பயர்

சாஃப்ட்பால் ஆட ஊட்டியில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அம்பயர்களுக்குத்தான் பஞ்சம். பந்தை அடித்துவிட்டு ஓட எல்லோருக்கும் ஆசை. நடுவில் நின்று நாலு பேரிடம் வசவு வாங்க யாருக்கு ஆசை வரும்? பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கும் நான், சனிக்கிழமைகளில் அந்த வசவு வாங்கும் வித்தையைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாயாடி என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால், பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருஷம் வகுப்புக்கு வந்தவர்களில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா இருந்தார். கடைவீதியில் அவர்களுக்கு வர்க்கி பிஸ்கட் கடை. பள்ளி நாட்களில் ஆடியவர். கல்யாணத்துக்குப் பிறகு கல்லாவை விட்டு நகர்ந்ததே இல்லையாம். வாரத்தில் ஒரு நாளாவது தனக்கென்று வேண்டும், அதை இந்த மைதானத்தில்தான் கழிக்க வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்தார். எல்லோருக்கும் முன்னால் விதிகளைப் படித்து முடித்தார். கண்ணும் நல்ல கூர்மை. ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் மனதுக்குள் குதித்தேன்.

வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் அம்பயராக நிற்பார். மற்றவர்கள் பிள்ளையைப் பெற்றவர்களாக மாறிக் கத்த வேண்டும். அன்றைக்கு மட்டும் எல்லோரும் முழு மனதோடு ஒத்துழைப்பார்கள். அக்காவின் முறை வந்தபோது நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அவர் கொஞ்சமும் கோபப்படாமல், "சரிங்க, அடுத்ததுல பாத்துக்கலாமுங்க" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். அதில் இருந்த வில்லங்கம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

நிஜ ஆட்டங்களில்தான் உறைத்தது. ஓர் அணிக்கு அவுட் கொடுத்து அவர்கள் முகம் வாடினால் போதும், அடுத்து வரும் சந்தேகமான பந்தின் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விடும். வர்க்கியை எடை போட்டு, வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்து, மேலே இரண்டை எடுத்துப் போடுகிற அதே கை. கடையில் கொசுறு போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஓர் அணிக்குப் போடுவதை இன்னோர் அணியிடமிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும். இதைச் சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒருத்தரு மொகம் வாடி நின்னா எங் கை தானாப் போகுதுங்க மிஸ்."

அணிகளின் பயிற்சியாளர்கள் என்னிடம் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் கண்டிப்பாகவே சொன்னேன்: இறுதி ஆட்டத்தில் நீங்கள்தான் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். அதிலும் கொசுறு போட்டால் இனிமேல் மைதானத்துக்குள் வேலை கிடையாது, ஸ்கோர் எழுதும் மேசைதான். அவர் முகம் சிவந்துவிட்டது. சொன்ன எனக்கும் சோறு இறங்கவில்லை.

இறுதி ஆட்டம் இத்தலார் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கூடலூர் பிள்ளைகளுக்கும். மூடுபனியில் இரண்டாவது பேஸ் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ குடிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு டீ குடித்தே பாதி நேரம் போனது.

பனி விலகி ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அக்கா சறுக்கினார். இத்தலார் பெண் ஒருத்திக்கு முழங்காலுக்குக் கீழே வந்த பந்தை ஸ்ட்ரைக் என்றார். அது மூன்றாவது ஸ்ட்ரைக். பெண் அவுட். தப்பு என்று பக்கவாட்டில் நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. இத்தலார் கூட்டம் எழுந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா, கேரட் விவசாயி, வாட்டசாட்டமான ஆள், மைதான எல்லைக் கயிற்றை ஒட்டி நடந்துகொண்டே கத்தினார். பேச வேண்டுமென்றால் என்னிடம் பேசுங்கள், கயிற்றைத் தாண்டினால் நடப்பது வேறு என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.

கடைசி இன்னிங்ஸ். இத்தலார் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. ஏற்கெனவே இருவர் அவுட். மூன்றாவது பேஸில் அதே பெண். பந்து அடிபட்டதும் அக்கா நின்ற பிளேட்டை நோக்கிப் பாய்ந்து, ஈரப் புல்லில் சறுக்கி வந்தாள். கேட்சர் பந்தோடு அவள் காலைத் தொட்டபோது பிளேட் இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அக்கா நிமிர்ந்து இத்தலார் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போச்சு என்று நினைத்தேன். அதற்குள் அவர் கை முஷ்டியோடு மேலே போனது. அவுட். கூடலூர் ஜெயித்துவிட்டது.

அந்த அப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டார். நான் குறுக்கே ஓடினேன். ஆனால் அவர் குரல் தணிந்திருந்தது. "ஏனுங்க, மொதல்ல எம் புள்ளைக்கு ஸ்ட்ரைக்குன்னீங்களே, அது தப்புதானுங்களே?"

அம்பயர் முடிவே இறுதி என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முகக்கவசத்தைக் கழற்றினார்.

"தப்புதானுங்க. பந்து கீழதான் வந்துச்சு. அதுக்காக இதைத் தூக்கிக் குடுத்தா, அந்தப் பக்கத்துப் புள்ளைகளுக்கு நான் என்னங்க பதில் சொல்லுவேன்?"

அந்த அப்பா திரும்பிப் போய், பந்து கீழேதான் வந்தது, அம்பயரே ஒத்துக்கொண்டார் என்று தன் கூட்டத்திடம் கிட்டத்தட்ட ஜெயித்தவர் போல அறிவித்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அக்காவை மார்க்கவசத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் குன்னூரில் இரண்டு ஆட்டம் இருக்கிறது, வருவீர்களா என்று கேட்டேன்.

"காலைலயா மத்தியானமாங்க மிஸ்? ஊட்டுக்காரரக் கல்லாவுல உக்கார வெக்கோணும்."