என் பெயர் எழுதிய பன்னிரண்டு போத்தல்கள்

மொன்ட்ரியால் கராஜ் ஒன்றில் அன்று இருந்தது மூன்றே பேர்: நான், என்னோடு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவும் அண்ணை, வைன் செய்யும் இத்தாலிக் கிழவர். கிழவரின் விரல்கள் ஊதா நிறம். போத்தலைத் தொடுமுன் கையைக் காற்சட்டையில் துடைப்பார். அறுபது டொலர் முன்னுக்குக் கட்டினால் வருசம் முழுக்க மாதம் ஒரு போத்தல்.

"சீட்டு மாதிரித்தான், கட்டடா," என்றார் அண்ணை.

"அகதி வழக்கு முடியேல்லை அண்ணை. திருப்பி அனுப்பினால் ஆர் குடிக்கிறது?"

"நான் குடிப்பன்!"

அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கிழவருக்கு என் பயத்தைச் சொன்னார். அவர் முப்பதை மட்டும் வாங்கினார், மிச்சம் வழக்கு வென்ற பிறகாம். என் நீளப் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுப் பன்னிரண்டு போத்தலிலும் எழுதினார்.

எந்தத் தைரியத்தில் எழுதினாரோ தெரியாது. பதினொன்று முடிந்துவிட்டது, நான் இன்னும் இங்கேதான். வழக்கு நடக்கிறது. அவருக்குக் கொடுக்க இருப்பது முப்பது டொலர்.