எமலிங்கத்தில் ஒன்றும் வைக்காத கஸ்தூரி

கஸ்தூரியைக் கிறுக்கி என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடி அண்ணாமலையில் என் வீட்டு மாடியில்தான் அவளும் அவள் அம்மா மணியம்மாளும் குடியிருந்தார்கள். சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, லாட்ஜில் ரூம் பிடித்துத் தரும் வெப்சைட் நடத்தினாள். கார்த்திகை தீபத்துக்குள் அது தேறாவிட்டால் சென்னைக்கே திரும்பிவிடுவதாக அம்மாவிடம் ஒத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெப்சைட் இருந்த சர்வரை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. ஏதோ தூர தேசத்தில் ஒரு பெரிய மிஷின். அதற்குள் சுவர் இல்லாமல் தடுத்த பல வீடுகள். ஒவ்வொன்றும் தன்னைத் தனி மிஷின் என்றே நினைத்துக்கொண்டிருக்குமாம். அதில் ஒன்று இவளுக்கு வாடகைக்கு. உள்ளே அதை ஓட்டுவது லினக்ஸ் என்ற புரோகிராம். மத்தியானத்தில் அவள் பக்கத்தில் படுத்தபடி கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பேன். வெள்ளை எழுத்துகள் பௌர்ணமிக்கு மலை சுற்றும் ஜனம்போல ஊர்ந்துகொண்டே இருக்கும். கண் சொக்கிவிடும்.

சாமான் வைக்கும் இடத்துக்கு டிஸ்க் என்று பேர். அதை எட்டாகத் தடுத்து, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள் பேரை வைத்திருந்தாள். எட்டும் சமம். ஒரு சாமிக்கு ஜாஸ்தி, ஒரு சாமிக்குக் கம்மி என்று கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ரூம் கேட்பவர்களின் பேர் இந்திரலிங்கத்தில். எமலிங்கம் மட்டும் காலி. தீபம் பார்க்க வருகிறவர்கள் பேரை எமனுக்குக் கீழே எழுதக் கூடாது என்று மணியம்மாள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் மத்தியானம் வெப்சைட் பேர் வாங்குவதை நிறுத்திவிட்டது. லாட்ஜுக்காரர் சக்கரவர்த்தி போன் செய்து, மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் ரூம்களை நேரில் வருகிறவர்களுக்கே கொடுத்துவிடுவேன் என்றார். கஸ்தூரி பார்த்தாள். இந்திரலிங்கம் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. காலியாகக் கிடந்தது எமலிங்கம்தான்.

மணியம்மாள் வாசலை மறித்து உட்கார்ந்தாள். "எமன்கிட்ட மட்டும் ஜனங்க பேரைக் குடுக்காத. அதுக்கு நீ சென்னைக்கே போயிடலாம்."

"பேரைக் குடுக்கலம்மா. இடத்தை அடைச்சிருக்கறது பேரே இல்ல."

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எப்போது எட்டிப்பார்த்தார்கள், எதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று மிஷின் தானாகவே எழுதிக்கொண்டே இருக்குமாம். லாக் என்பார்களாம். ஆறு மாதத்து லாக் இந்திரலிங்கத்தில் குவிந்து கிடந்தது.

"எல்லாம் முடிஞ்சுபோன நாளுங்க. அது எமனுக்குச் சேர வேண்டியதுதானே?" என்றாள் கஸ்தூரி.

மணியம்மாள் எழுந்து வழிவிட்டாள்.

லாக் முழுவதும் எமலிங்கத்துக்குப் போனது. அப்படியும் இந்திரலிங்கம் நூறைவிட்டு இறங்கவில்லை. மணி இரண்டே முக்கால். கஸ்தூரி தலையில் தட்டிக்கொண்டாள். லாக் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் பழைய லாக்கைக் கையைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாம். அது விடாமல் இடம் காலியாகாதாம். அதை நிறுத்தினாள். இனி எமலிங்கத்தில் எழுது என்று சொல்லிக்கொடுத்து, மறுபடி எழுப்பினாள். நூறு இறங்கி முப்பத்தெட்டானது.

மூன்று அடிப்பதற்குள் ஒரு பேர் வந்தது. யாரோ ராமதாஸ், நாலு பேர், இரண்டு நாள்.

"எங்க எழுதியிருக்கு?" என்றாள் மணியம்மாள்.

"இந்திரன்கிட்டதாம்மா."

சாயங்காலம்வரை வந்த ஒவ்வொரு பேரையும் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அதையே கேட்டாள். சென்னைப் பேச்சை எடுக்கவே இல்லை.