காசில்லாத பழங்காசுக்காரி

பழைய நாணயங்களைச் சேர்ப்பவர்களை உலகம் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த நாணயங்களைப் பற்றிய பழைய புஸ்தகங்களைச் சேர்ப்பவர்களை மட்டும் வீடு தேடி வந்து மிரட்டுகிறது.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்றவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாரோ ஒரு துரை எழுதி அச்சுத் தீர்ந்துபோன புஸ்தகம், ஏலத்துக்கு விட்ட நாணயங்களைப் பட்டியல் போட்ட ஜாப்தா, நாணயச் சங்கத்து விருந்துக்கு அச்சடித்த அழைப்பு, ஒரு சேகரிப்பாளர் இன்னொருவருக்கு "நீர் வாங்கியது போலி" என்று சந்தோஷமாக எழுதிய கடிதம். இவைதான் நம் சொத்து. நாணயம் கிடையாது. என் வீட்டில் இருக்கும் மிகப் பழைய காசு, பால்காரிக்குக் கொடுக்க மாடத்தில் வைத்திருக்கும் தேய்ந்த காலணா.

எனக்கு மூன்று வயசில் ஒரு பெண் இருக்கிறாள். பதினைந்து நாளாக அவளை நான் வாசற்படி தாண்ட விடவில்லை. என் புஸ்தகங்களால் அவளுக்கு ஆபத்து வந்துவிடும் என்ற பயம் இன்னும் விடவில்லை; அவள் தூங்கின பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பயம் பாதி, ஆத்திரம் முக்கால். கூட்டினால் உதைக்கிறதே என்று கேட்காதீர்கள். கான்வென்டிலேயே எனக்குக் கணக்கு வராது.

சீர்ப் பெட்டி

என் தகப்பனார் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நாணயம் வாங்க வசதியில்லாததால் நாணயத்தைப் பற்றிய புஸ்தகங்களாக வாங்கினார். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வந்ததும், சீமைக்கும் பம்பாய்க்கும் கடிதம் எழுதி அவற்றை வரவழைப்பது என் வேலையாயிற்று. அவர் காலமான வருஷம் எனக்குக் கல்யாணம். மூன்று மரப்பெட்டிகளும் சீரோடு சீராக வண்டியில் ஏறின.

சம்பந்தி பழங்காசுக்காரர் என்று, நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் போத்தனூரில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டியையும் நாலு ஆள் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. உறவுக்காரர்கள் முன்னிலையில்தான் திறக்க வேண்டும் என்றார். திறந்தார்கள். முதல் பெட்டி புஸ்தகம், இரண்டாவது புஸ்தகம், மூன்றாவதில் கடிதக் கட்டு. அத்தை மூன்றிலும் தோள்வரை கையை விட்டு அடிப்பலகையைத் தடவிப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் நான் மணப்பெண்ணாகத் தலை குனிந்து நிற்க, அவர் நிமிர்ந்து கேட்டது இது:

"ஏனம்மிணி, இத்தனை காயிதத்துல ஒரு காசுகூடவா ஒட்டிக்கிட்டு வரல?"

ஓரத்து அழுக்கு

ஏல ஜாப்தாவின் உயிர் அதன் ஓரத்தில் இருக்கிறது என்பது நம்மவர்களுக்குத் தெரியும். ஏலத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், எந்தக் காசு என்ன விலைக்குப் போயிற்று, யார் எடுத்தார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்திருப்பார். அச்சடித்த பக்கம் எங்கேயாவது கிடைக்கும். அந்தப் பென்சில் எழுத்து உலகத்திலேயே ஒன்றுதான். அப்படி ஒரு பிரதிக்காக ஒருவரோடு இரண்டு வருஷம் கடிதப் போக்குவரத்து நடத்தி, கடைசியில் வாங்கினேன். முதுகு மட்டும் கிழிந்திருந்தது.

கோட்டைமேட்டில் ஒரு பைண்டர் பாய் இருக்கிறார். கை சுத்தம், தொழில் சுத்தம். முதுகைத் தைத்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். சிவப்புக் காலிகோத் துணி போட்டு, பொன் எழுத்தில் பேர் பதித்து, கல்யாணப்பெண் மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் மூன்று பக்கமும் கத்தி போட்டு, அச்சு எழுத்து வரைக்கும் ஒட்ட நறுக்கியிருக்கிறது. பென்சில் எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை. மனிதர் என் பெண்ணுக்கு வர்ணக் காகிதத்தில் காற்றாடி வேறு செய்துகொண்டு வந்திருந்ததால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஓரமெல்லாம் பென்சில்ல கிறுக்கியிருந்துதுங்க அம்மணி. பாப்பா வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஐயா பார்த்தா அடிப்பாருன்னு ஒரு பொட்டு இல்லாம வெட்டிப்போட்டேன், நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க."

படம் போதும்

இரண்டு பிரதி இருப்பதில் ஒன்றை விற்பது வழக்கம். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் மோட்டாரில் வந்தார். போட்டோப் படங்கள் உள்ள பெரிய வால்யூம் வேண்டும் என்றார். யார் கையிலும் கொடுக்க மாட்டேன், கண்ணாடி அலமாரியில் பூட்டிவைப்பேன் என்று தானாகவே உறுதி சொன்னார். மனசில்லாமல்தான் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அவருடைய டிரைவர் அதே புஸ்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவிழ்த்தால் புஸ்தகம் பாதியாக இளைத்திருக்கிறது. படத்தாள் அத்தனையையும் சவரக் கத்தியால் அடியோடு அறுத்து எடுத்திருந்தார்கள். எதற்கப்பா இப்படி என்று கேட்டேன். டிரைவர் வெகு பெருமையாகப் பதில் சொன்னார்:

"படமெல்லாம் சட்டம் போட்டு ஆபீஸ் ரூம்ல வரிசையா மாட்டிப்போட்டோமுங்க. எழுத்துப் பக்கத்தை மொதலாளி தொடக்கூட இல்லீங்க, உங்களுக்குப் படிக்க ஆகுமேன்னு குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

விட்டுப்போன ப்

இது வரைக்கும் நடந்தவை வயிற்றெரிச்சல். பயம் இங்கேதான் ஆரம்பித்தது.

சில புஸ்தகங்களில் முதல் பாகம் இருந்து இரண்டாம் பாகம் இல்லாமல் தவித்தேன். என் புருஷர் போத்தனூர் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. இந்த ஊர் வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போட்டுப் பாரேன் என்றார். "பழங்காசுப் புஸ்தகங்கள் வாங்கப்படும்" என்று என் கையாலேயே எழுதி, விலாசமும் கொடுத்தேன். அச்சுக் கோத்தவர் ப்-ஐ விட்டுவிட்டார். பிழை திருத்தியவர், இரண்டு சொல் சும்மா பக்கத்தில் நிற்கிறதே என்று நடுவில் ஒரு கால்புள்ளி வைத்தார். வெளிவந்தது இப்படி: "பழங்காசு, புஸ்தகங்கள் வாங்கப்படும்."

மறுநாள் காலையிலிருந்து வாசலில் ஆள். தலைப்பாகையில் செப்புக் காசு முடிந்துகொண்டு ஒருவர், உழுதபோது கிடைத்ததென்று சுருக்குப்பையைக் குலுக்கிக்கொண்டு இன்னொருவர். இவ்வளவு வாங்குகிறவள் வீட்டில் எவ்வளவு வைத்திருப்பாள் என்று எல்லோர் கண்ணும் என் தோளுக்கு மேலே உள்ளே பாய்கிறது. நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்து இரண்டு வருஷம்தான். பக்கத்து வீட்டார்கூட அதிகம் பழக்கமில்லை. புருஷருக்குப் பாதி நாள் ராத்திரி டியூட்டி. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து அச்சாபீசுக்கே போய்க் கேட்டேன். மானேஜர் விளம்பரத்தை உற்றுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு இரக்கத்தோடு சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, மேல புள்ளி வெச்ச ஒத்தை எழுத்துக்குப் போயி பச்சைப்புள்ளையத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வருவாங்களா?"

சுண்ணாம்புக் காசு

தகப்பனார் புஸ்தகப் படங்களைப் பார்த்துச் சுண்ணாம்புச் சாந்தில் நாணய அச்சுகள் வார்த்து, மஞ்சள் வர்ணம் பூசி ஒரு தட்டில் அடுக்கிவைத்திருந்தார். வெயிலில் காயவைக்க அதை எடுத்தேன். பால்காரி பார்த்துவிட்டாள். அன்று மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டில் ஒரு கொப்பரை தங்கம் இருப்பதாகத் தெரு முழுக்கப் பேச்சு.

மறுநாள் அவளை நிறுத்தி, அவள் கண் முன்னாலேயே ஒன்றைத் தரையில் போட்டு மிதித்தேன். தகப்பனார் கையால் செய்தது. வெள்ளைப் பொடியாகப் போயிற்று. பார்த்தாயா, தங்கமா என்று கேட்டேன். அவள் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரத்தான் தீர்ந்தது:

"நெசக் காசை உள்ள பூட்டிப்போட்டு, வெளிய காட்டறதுக்குச் சுண்ணாம்புல ஒண்ணா? நீங்க வெவரந்தானுங்க."

தலைச்சன்

அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். அந்தியூர்ப் பக்கம் என்றார்கள். வெள்ளை வேட்டி, பணிவான பேச்சு. ங்க போடாமல் ஒரு வாக்கியம் இல்லை. வயதானவர் மடியிலிருந்து சின்ன வெள்ளிச் சிமிழ் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே மை. புதையல் எந்தெந்த ஊரில் இருக்கிறதென்று போட்ட இங்கிலீஷ் புஸ்தகம் என்னிடம் இருக்கிறதாம். நான் படித்துச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். அப்புறம் மை போட்டுப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு எனக்கு. நாணயம் கிடைத்த ஊர்களின் பட்டியல் அந்தப் புஸ்தகத்தில் இருப்பது உண்மைதான். எல்லாம் எடுத்து, காலி செய்து, மியூசியத்துக்கு அனுப்பியாகிவிட்ட ஊர்கள் என்று சொன்னேன். பெரியவர் கேட்கவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையைக் குனிந்து பார்த்து, கல்கண்டை நீட்டினார். "அம்மணிக்கு இதுதான் தலைச்சனுங்களா?" என்று கேட்டார்.

மையில் பார்க்க முதலில் பிறந்த தலைச்சன் பிள்ளைதான் வேண்டும் என்பார்கள். பார்ப்பதோடு விட மாட்டார்கள், புதையல் காவு கேட்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. கான்வென்டில் மதர் இதையெல்லாம் அஞ்ஞானம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். மதருக்குக் குழந்தை இல்லை. என் புருஷர் உள்ளே தூங்குகிறார், அப்புறம் வாருங்கள் என்று கதவைச் சாத்தினேன். அமாவாசைக்கு முந்தின நாள் வாரோமுங்க என்று கதவுக்கு வெளியே மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

போலீசுக்குப் போகலாமென்றால், புதையல் சர்க்காருக்குச் சொந்தம். அங்கேயும் முதல் கேள்வி காசு எங்கே என்பதாகத்தான் இருக்கும். என் புருஷர் கெட்டவரில்லை. சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். மோரை ஊற்றச் சொல்லிவிட்டு, பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி ஒரே வரியில் முடித்தார்:

"அத்தனையும் எடைக்குப் போட்டாப் போச்சு, பயமும் அதோட வண்டியேறிப் போயிரும்."

மூத்தது

சொன்னபடியே வந்தார்கள், காலை பத்து மணிக்கு. நான் புஸ்தகத்தையும் எடைக்குப் போட்டிருக்கவில்லை, பயத்தையும் போட்டிருக்கவில்லை. பெரியவர் கையில் இந்தத் தடவை குழந்தைக்கு ஒரு பட்டுப் பாவாடை இருந்தது. ஒரே ஒரு நாழிகை உட்கார வைத்தால் போதும், பக்கத்திலேயே நீங்களும் இருங்க என்றார். அந்தப் பாவாடையைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது. "இவள் தலைச்சன் இல்லீங்க. மூத்தது ஒன்று பிறந்து தவறிவிட்டது."

எனக்கு அப்படி ஒரு குழந்தை பிறக்கவே இல்லை. இல்லாத பிள்ளையை வாயாலேயே பெற்று, வாயாலேயே சாகடித்தேன். ஒரு தாயை இப்படிப் பேசவைக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பெரியவர் முகம் வாடிவிட்டது. பாவாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்:

"மனசைத் தேத்திக்குங்க அம்மணி. இந்தக் கண்ணு எங்களுக்கு ஆகாதுங்க, நல்லா இருக்கட்டும்."

துக்கம் விசாரிப்பு

கொல்லைப்பக்கம் பால்காரி நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், பேச்சு காதுக்கு எட்டி, போத்தனூரிலிருந்து அத்தை வந்து இறங்கினார். எங்களுக்குத் தெரியாமல் எப்போது ஒன்று பிறந்தது, எப்போது தவறியது என்று கூடத்தில் நின்று கேட்டார். அவரைத் தொடர்ந்து பால்காரியும் இன்னும் நாலு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தையைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், வெள்ளிச் சிமிழிலிருந்து பட்டுப் பாவாடை வரை எல்லாவற்றையும் சொன்னேன். பொய் என்று நீங்கள் வாசலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அமாவாசைக்கு அமாவாசை அவர்கள் வருவார்கள் என்றும் சொன்னேன்.

அத்தை ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து அந்தப் பேச்சுப் பேசின வாயைக் கொப்புளிக்கச் சொன்னார். குழந்தையைத் தூக்கி அதன் தலையை முகர்ந்தார். பிறகு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போனார். என் சீரில் ஒரு காசு இல்லையென்று ஐந்து வருஷமாக என்னைக் குத்திக்காட்டியவர், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஆமாங்க, மூத்தது பையன். எங்க ஊட்லதான் பொறந்து, எங்க ஊட்லதான் தவறுச்சு. தொட்டில் கட்டுனது நானு, இவ இன்னும் அதை வெளிய சொல்றதில்லீங்க."

நாணயத்தைப் பற்றி அலமாரி நிறையப் புஸ்தகம் வைத்திருக்கிற எங்கள் வீட்டில், கடைசியில் பெண் பிழைத்தது இரண்டு பொம்பளைகள் துளிக்கூட நாணயமில்லாமல் பேசினதால்தான்.