மத்தாப்புப் பெண்ணின் புருவம்

வேலுத்தாய்க்கு இடது புருவம் பாதிதான். தீப்பெட்டி ஆலையில் குச்சிக்கட்டு பற்றிக்கொண்ட அன்று மீதி கருகிப்போனது. அந்தப் பாதிப் புருவத்தோடுதான் கணவர் ஊர்க்காவலன் அவளை வரைந்தார், கையில் மத்தாப்போடு சிரிக்கிற பெண்ணாக. சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு வாட்டர்கலரில் படம் போட்டே ஆயுள் முடிந்த மனுஷன். லேபிளில் கம்பெனிக்காரர்கள் புருவத்தை முழுசாக்கிக்கொண்டார்கள். மூலப்படம் அச்சக முதலாளி பீரோவுக்குள் போய்விட்டது.

அரசு ஓவியக்கூடத்தில் பழைய லேபிள் ஓவியங்களை மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திறப்பு விழாவன்று வேலுத்தாய் பஸ் ஏறிப் போனாள். அவள் படத்துக்குக் கீழே, வரைந்தவர் என்று முதலாளி சங்கரபாண்டியன் பெயர். செத்துப்போன ஊர்க்காவலன் வந்து கேட்கவா போகிறார் என்ற தைரியம்.

முதலாளியின் பேரன் ஹரிஷ்குமார் வந்தவர்களுக்குப் படத்தைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரர் வரைஞ்ச படம்" என்றாள்.

"தாத்தா தன் கையால வரைஞ்சதும்மா. வந்த இடத்துல வம்பு பண்ணாதீங்க."

வேலுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படத்தை ஒட்டி நின்றாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இரண்டு முகத்திலும் அதே பாதிப் புருவம்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனா, இவுக தாத்தா என்னைய வாசல்லயே நிப்பாட்டிருவாரு. ஒருநாளும் நிமிந்து எம் மூஞ்சியப் பார்த்ததில்ல. இந்தப் புருவத்த மட்டும் எப்பப் பார்த்தாரு?"