ஒரு வெறும் வயிற்றுக்குப் பட்ட பாடு

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், உலகச் சண்டை வருவதற்கு முன்னால் நடந்தது. எங்களுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். மூத்த பையனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்குக் குடலிறக்கம். அழுதாலும் இருமினாலும் அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்துக்கொள்ளும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். கத்தி வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், நாள் கடத்தினால் குடல் சிக்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் இரண்டு தரம் கேட்டுக்கொள்வேன். பிறகு அதையே நினைத்து நினைத்துப் பயப்படுவேன். டாக்டர் சொன்னதில் ஒன்றுதான் ஆணி அடித்த மாதிரி மனத்தில் நின்றது. மயக்க மருந்து கொடுக்கும்போது பிள்ளையின் வயிறு காலியாக இருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி சாப்பிடுவதோடு சரி, காலையில் பச்சைத் தண்ணீர் கூட ஆகாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சை அடைத்துவிடும். பிறகு பிள்ளை பிழைப்பது கஷ்டம் என்றார்.

ஒரே ஒரு காலைப் பொழுது பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு எங்கள் சொந்தக்காரர்களைத் தெரியாது.

முதல் நாளே வண்டி கட்டிக்கொண்டு போய், டவுனில் இருந்த என் நாத்தனார் வீட்டில் இறங்கினோம். என் வீட்டுக்காரருக்கு அக்காள். தங்கமான மனுஷி. சஷ்டி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று மாதத்தில் பாதி நாள் விரதம் இருப்பவர். நாங்கள் வந்த செய்தி எப்படித்தான் பரவியதோ, ஆனையூரிலிருந்தும் பசுமலையிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. பன், முறுக்கு, பேரீச்சம்பழம், ஒரு கூடை கொய்யா. அத்தனையையும் பரண் மேல் ஏற்றுவதே எனக்கு வேலையாகிவிட்டது. நான் ஏற்ற ஏற்ற, பையன் பரணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்புட்டு நாளைக்குப் புள்ளயப் பட்டினி போடப் போற?" என்று கேட்டார் என் சித்தப்பா.

"நாளைக்குக் காலையில ஒரு பொழுதுக்குத்தான் சித்தப்பா."

"ஒனக்கென்னம்மா, கல்லு மனசு. எங்க தெருவுல ஒருத்தனை இப்பிடித்தான் படுக்கப் போட்டு அறுத்தாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவன் பொண்டாட்டி வெள்ளச் சீல கட்டி அவ அண்ணன் வீட்டோட போயிட்டா."

இப்படி ஆறுதல் சொல்லத்தான் அவர் பசுமலையிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் சொன்னபடி பையனுடைய அரைஞாண் கயிற்றை அறுக்க நான் கத்தரிக்கோலை எடுத்ததும் இன்னொரு ரகளை. கயிறு இல்லாத இடுப்போடு ஆண்பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று நாத்தனார் குறுக்கே நின்றார். கயிறு இருக்கிற இடத்தில்தானே மதினி கத்தி வைக்கப் போகிறார்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் அந்தக் கயிற்றையே அவன் மணிக்கட்டில் கட்டிவிட்ட பிறகுதான் வழி விட்டார்.

மறுநாள் காலை. எழுந்ததிலிருந்து பையனை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஆனால் நானும் குளித்துப் புறப்பட வேண்டுமே.

"மதினி, கொஞ்சம் பாத்துக்கங்க. ஒண்ணும் குடுத்துராதீக."

"வெறும் வயித்தப் பத்தி எனக்கா சொல்லித் தாரே? மாசம் பூரா விரதம் இருக்கவ நானு. போய்க் குளி."

குளித்துவிட்டு வந்தால் பையன் சிரித்துக்கொண்டு விளையாடுகிறான். பசி என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் மீனாட்சி கிருபை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நர்சம்மா வந்து, பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். பையனுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டு, கூப்பிடும்போது கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் போனார்.

பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண். பக்கத்துச் சந்தில்தான் வீடாம். அவருடைய மகளுக்குக் கழுத்தில் கட்டி அறுத்து, அன்றைக்குக் கட்டு மாற்ற வந்திருந்தார். என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாத தங்கச்சி. எம் மகளும் இந்தா இருக்காள்ல" என்றார். இவளையும் இப்படித்தான் காலையில் ஒன்றும் கொடுக்காமல் கொண்டுவந்தோம், பசியில் கத்தித் தீர்த்துவிட்டாள், உன் பையன் எவ்வளவு சமர்த்து என்றும் சொன்னார்.

என் நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டு வளப்பு அப்பிடி. ராத்திரியிலேருந்து ஒரு சோத்துப் பருக்கை உள்ள போகல. காலையில ரெண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பாலு, அம்புட்டுத்தான்."

அந்தப் பெண் என் நாத்தனாரையே பார்த்தார். "பாலும் பழமும் குடுத்தீகளா? அது எப்பிடிம்மா வெறும் வயிறாகும்? நாங்க நோன்பு வச்சா பச்சத் தண்ணி கூடக் கிடையாது."

"அது ஒங்க நோன்பு. எங்க விரதத்துக்குப் பாலும் பழமும் உண்டு. சோறுதான் கூடாது."

இதில் பொய்யோ திருட்டுத்தனமோ எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எந்த விரதத்துக்கும் இருக்கிற சலுகை இதற்கும் உண்டு என்று அவர் மனதார நம்பியிருக்கிறார். நர்சம்மாவிடம் இல்லை என்று சொன்னதையும் நம்பித்தான் சொல்லியிருக்கிறார்.

உள்ளே போய்ச் சொல்ல எழுந்தேன். சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல நேரம் தாண்டுகிறது, இரண்டு பழம் இந்நேரம் கரைந்திருக்கும், இன்றைக்கு விட்டால் எப்போது கூப்பிடுவார்களோ, வாயை மூடிக்கொண்டு இரு என்றார். நாத்தனாரும் அதையே சொன்னார். என் வீட்டுக்காரர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் உள்ளேயிருந்து பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் எழுந்தார். "நீ சொல்றியா தங்கச்சி, நான் சொல்லட்டுமா?"

நானே போய்ச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஒரு நாள் விட்டு மறுநாள் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்தால், ஊரையே கூட்டும்படி நாத்தனார் அழுகை. பழம் கொடுத்தது ஒரு குற்றமா, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தேனே என்று. நான் பிள்ளைக்காக அழுவதா, அவரைச் சமாதானம் செய்வதா? பையன் வேறு, அறுக்கவில்லை என்று தெரிந்ததும் பரண் மேல் இருக்கிற முறுக்கைக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

மறுபடியும் அந்த வீட்டுக்கே போய், அந்தப் பரணுக்குக் கீழே காவல் இருக்க எனக்குத் தெம்பில்லை. என் முகத்தைப் பார்த்தே அந்தப் பெண் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "எங்க வீடு நாலு எட்டுத்தான். நாளைக்கு ராச்சாப்பாட்ட முடிச்சுட்டுப் புள்ளயத் தூக்கிட்டு வந்துரு. காலையில பொடிநடையா இங்க வந்துரலாம்" என்றார்.

நாத்தனார் கொதித்துவிட்டார். "சாயபு வீட்டுலயா போய்த் தங்கப் போறீக?"

அதுவரை தூணைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் வாயைத் திறந்தார். "அங்க சாப்பிட்டாத்தானக்கா நம்ம ஆளுக பேசுவாக? நாங்க சாப்பிடாம இருக்கத்தான போறோம்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் பேசிய பேச்சுகளில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அது ஒன்றுதான்.

அப்படியே போனோம். சின்ன வீடு, அதில் நாலு பிள்ளைகள். விடிந்ததும் என் பையன் எழுந்து, பசிக்குது என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டில் எந்த வாசனையும் இல்லை. பாத்திரச் சத்தம் கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் அவனைச் சுற்றி உட்கார்ந்து சோழி உருட்டினார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட பெண், தனக்கு எப்படி மயக்க மருந்து கொடுத்தார்கள் என்று ஏதோ தேரோட்டம் பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தவர்களில் சின்னவன் மட்டும் சிணுங்கினான். அவன் தாயார் அவனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அடுப்பில் சாம்பல்கூட அள்ளவில்லை.

"அக்கா, பிள்ளைகளுக்கு இன்னும் ஒண்ணும் குடுக்கலயா?"

"அடுப்பு எரிஞ்சா வாசம் வரும்ல, ஒம் புள்ள கேப்பான். நீங்க வாசல் இறங்குனதும் பத்த வைக்கிறேன். எல்லாரும் தம்பிக்குத் தொணையா நோன்பு வச்சிருக்கோம்னு சொல்லிட்டேன். ஒரு காலைதான தங்கச்சி."

சிணுங்கியவனுக்கு மூன்று வயதுதான் இருக்கும்.

அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பையன் கண் விழித்தபோது என் நாத்தனார் வார்டு வாசலில் பெரிய பையோடு நின்றார். உதட்டை நனைக்கத்தான் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்சம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "பழந்தான் தாயி, சோறு இல்ல" என்று அவர் ஆரம்பித்தார். நர்சம்மா பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

பையன் இப்போது மீசை முளைத்து, மாடு பிடிக்கப் போகிறேன் என்று நிற்கிறான். எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. நாத்தனார் இன்னமும் இரண்டு பழத்துக்காகத் தன்னை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று குறைப்பட்டுக்கொள்வார். என் பிள்ளைக்குப் பசிக்கக் கூடாதென்று ஊட்டிவிட்டவரை மதினி என்று கூப்பிடுகிறேன். அவன் பசியைக் கிளறிவிடக் கூடாதென்று தன் பிள்ளைகளைப் பட்டினி போட்டவரை, சாம்பல் அள்ளாத அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாயில் வந்த முறையாக அக்கா என்று கூப்பிட்டேனே, அந்த ஒரு வார்த்தை அவருக்குப் போதுமா என்றுதான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.