அண்ணனின் பெயரில் ஓடியவர்

அவருடைய பெயர் சாமித்தம்பி. அதை அறிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். பிறகு குடியேறிய ஊருக்கும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் அவரோடு காவல் வேலை பார்த்தவர்களுக்கும், ஏன், கட்டிய மனைவி சீதேவிப்பிள்ளைக்கும்கூட அவர் இராசதுரை.

இராசதுரை அவருடைய அண்ணன். பள்ளிக்கூடத்தில் ஓட்டமென்றால் அவன்தான். தம்பியோ சோற்றுக்கு மட்டும்தான் ஓடி வருவான். எண்பத்தைந்தாம் ஆண்டு ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்தபோது அண்ணன் வயல் வட்டைக்குள் இறங்கி ஓடினான். ஓடியவனைச் சுட்டார்கள். ஓடத் தெரியாத தம்பி வரம்போடு குப்புறக் கிடந்து தப்பினான். வீடு எரிந்ததில் அவனுடைய கடதாசிகள் எல்லாம் சாம்பல். அண்ணனின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் மாவட்டப் போட்டிக்காகக் கொடுத்தபடி பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்தது.

அகதி முகாமில் அம்மா அதைக் கையில் திணித்தாள். “இனி நீதான் இராசதுரை. ஆரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும், மனே.”

சோதனைச் சாவடிக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்தார். அம்மா வீட்டுக்குள்ளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். அண்ணனின் சாவைப் பதியவே விடவில்லை. சாகும்போதும் “துரை” என்றுதான் இவர் கையைப் பிடித்தாள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. போதாக்குறைக்கு, பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்தும் அண்ணனுடையது.

ஐம்பது வயதில் சீனி வருத்தம் வந்தது. நடக்கச் சொன்னார் டொக்டர். வாவிக்கரை வீதியில் விடியற்காலை நடந்துகொண்டிருந்தவருக்கு, ஒரு நாள், முன்னால் யாரோ வெறுங்காலோடு ஓடும் சத்தம் கேட்டது. ஆளைக் காணவில்லை. அந்தக் காலடியை அவருக்குத் தெரியும். பிடித்துவிடலாம் என்று இவரும் ஓடினார். அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. மழையிலும் ஓடினார், முழங்கால் வீங்கினால் எண்ணெய் பூசிக்கொண்டு ஓடினார்.

“இந்த வயசில என்ன வெறி உங்களுக்கு?” என்று மனைவி ஏசினாள். நின்றால் அண்ணன் தனியாகப் போய்விடுவான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பினார்.

ஒரே ஒரு ஆசை மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. தன் சொந்தப் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட வேண்டும். அதை ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும்.

பங்குனியில் புளியந்தீவில் ஒரு கழகம் ஓட்டப்போட்டி வைத்தது. ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனிப் பரிசு. அங்கே அவரை யாருக்கும் தெரியாது, அடையாள அட்டையும் கேட்கவில்லை. மேசையில் இருந்த பிள்ளை, “ஐயா, பேரென்ன?” என்றாள்.

“சாமித்தம்பி” என்றார். களவெடுத்தவரைப்போல் உடம்பெல்லாம் வேர்த்தது.

இளசுகளையும் கிழடுகளையும் ஒன்றாகவே ஓடவிட்டார்கள். அவர் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினார். முன்னால் அந்தச் சத்தம் இல்லை. பாலம் வந்தது, அப்போதும் இல்லை. பெயரைத் திருப்பி எடுத்ததும் அண்ணன் விட்டுவிட்டுப் போய்விட்டானோ என்று பயம் பிடித்தது. அழுதுகொண்டே ஓடி முடித்தார். எத்தனையாவதாக வந்தார் என்று அவருக்கே தெரியாது.

“ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், முதலாமிடம், சாமித்தம்பி!” என்றது ஒலிபெருக்கி. எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். மறுபடி கூப்பிட்டார்கள். இந்த மனிசன் எங்கே போய்த் தொலைந்தான் என்று சனத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, பெயர் பதிந்த அந்தப் பிள்ளை ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“ஐயா, உங்களத்தான் கூப்பிடுறாங்க. வாங்க.”

“இல்ல மகள்” என்றார் அவர். “நான் இராசதுரை.”