மாமா கொண்டுவந்த கல்

எந்த வேலையிலும் நிலைக்காத மாமா, பர்கூரில் ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிவிட்டார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் எளிதில் நம்பவில்லை. அவர் அம்மாவின் ஒரே தம்பி. ஓசூரில் நாங்கள் புதுவீடு கட்டி முடித்திருந்த சமயம், ஒருநாள் மினி லாரியில் ஒரு கல்லோடு வந்து இறங்கினார். கன்னங்கரேலென்ற கல். தலை வளைவாக, முகம் பார்க்கும் அளவுக்கு வழவழப்பு. பீடத்தில் பூ வைக்க வட்டமாக ஒரு குழி.

"அக்கா, ஃபாரினுக்குப் போறது இது. மூலையில லேசா ஒடஞ்சிருச்சுன்னு ஒதுக்கிட்டாங்க. ஓனர்கிட்ட உனக்குன்னே கேட்டு வாங்கியாந்தேன்."

அம்மா கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "வாசல்லயே வெச்சிரலாம்டா" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வாசலில் அந்தக் கல் வைத்ததுதான் சட்டம். அப்பா ஆசையாக நட்ட கறிவேப்பிலைக் கன்று பின்பக்கம் போனது. தண்ணீர்க் குழாய் இடம் மாறியது. கல்லுக்கு இருபுறமும் ரோஜா, கேட்டிலிருந்து அதுவரை கூழாங்கல் பாதை, ஓரத்தில் செண்டுமல்லி. ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா முனகிக்கொண்டே குழி வெட்டினார். தினமும் பீடத்தில் பூ வைக்கும் உத்தியோகம் எனக்கு. பெருமை தாங்கவில்லை.

வீடு மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கப் பங்குச் சாமியார் வந்தார். சில காலம் வெளிநாட்டில் இருந்தவர். கேட்டைத் திறந்ததும் கல்லைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, கல்லறைக் கல்லைக் கொண்டாந்து வாசல்ல வெச்சிருக்கீங்க? நான் இருந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் பூரா இதுதானே நிக்கும்!"

சிமென்டுச் சிலுவை நட்ட கல்லறைகளையே பார்த்துப் பழகிய சொந்தக்காரர்கள் கல்லைவிட்டு இரண்டடி தள்ளிப் போனார்கள். பெட்டியில் கட்டி அனுப்பும் கல் அந்தப் பக்கம் போய் என்னவாகிறது என்று மாமாவும் விசாரித்ததில்லை. வந்தவர்களுக்குக் கலர் சோடா கொடுத்துக்கொண்டிருந்தவர் முகம் சுண்டிப்போய், தட்டை வைத்துவிட்டு மெல்லக் கேட் பக்கம் நகர்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பேரு எழுதுனாத்தான் ஃபாதர் அது கல்லறை. எழுதாத வரைக்கும் எந்தம்பி குடுத்த பூந்தொட்டி. நல்லா தீர்த்தம் தெளிங்க."

சாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. வீட்டைவிடக் கல்லுக்குத்தான் அன்று தீர்த்தம் அதிகம். மாமாவும் வெட்கச் சிரிப்போடு திரும்பி வந்து பந்தியில் பிரியாணி பரிமாறினார்.

சாமியார் எதிரில் வாய் திறக்கவே தயங்கும் அம்மா, நொடிகூட யோசிக்காமல் பதில் சொன்னதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பதிலை எத்தனை நாளாகத் தயாராக வைத்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.